வைத்தீஸ்வரனின் வலது முன்கை

நாலாயிரத்துச் சொச்சம் வியாதிகளைத் தீர்த்துவைக்கும் சாமியின் பெயரைத் தாங்கியிருந்தும், லேக் மார்க்கெட் பின்சந்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் வைத்தீஸ்வரனுக்கு ஓர் இட்லிப் பானையைத் திறக்கத் தெரியவில்லை. மூடியைத் தன் பக்கமாகத் தூக்கினார். அதுவரை உள்ளே அடக்க ஒடுக்கமாக இருந்த ஆவி வெளியே புறப்பட்டது. வழியில் குறுக்கே நீண்டிருந்த அவருடைய வலது முன்கையை விசாரித்துவிட்டு மேலே போயிற்று. மூடியை எதிர்ப்பக்கம் சாய்த்துத்தான் தூக்கவேண்டும் என்பதும், அதற்கு ஒரு காரணம் உண்டு என்பதும், ஒரு வங்கிக் கிளையையே கட்டி மேய்த்து ஓய்வு பெற்று, அதுவரை மெஸ் சாப்பாட்டில் ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கு அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரியவந்தது.

கை எரிந்தது. சாமானிய மனிதன் என்றால் குழாயைத் திறந்து கையை நீட்டியிருப்பான். வைத்தீஸ்வரன் தஞ்சாவூர் ஜில்லாவில் வேரும் கல்கத்தாவில் கிளையுமாக வளர்ந்த ஒரு குடும்பத்தின் வாரிசு. அந்தக் குடும்பத்தில் சுட்டால் தோசை மாவு. அத்தை சுட்டுக்கொண்டாலும் மாவுதான், அத்திம்பேர் சுட்டுக்கொண்டாலும் மாவுதான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் மாவுப் பாத்திரம் திறந்தே இருந்தது. வியாழக்கிழமை கடையில் வாங்கிய மாவு. கல்கத்தா வெயிலில் அது பொங்கிப் புளித்து, ஒரு மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கையை முழங்கை வரை அதற்குள் விட்டு எடுத்தார்.

மாவு காய்ந்து கை ஓர் ஊத்தப்பத்தின் தோற்றத்தை அடைந்திருந்த சமயத்தில் வாசல் மணி அடித்தது. எதிர் ஃப்ளாட் பிமலேந்து தா. தா, தாதா எல்லாம் அங்கே அண்ணாதான். துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தடித்தடியான ஹோமியோபதிப் புத்தகங்களைப் படித்து, அந்த மாடியில் ஆரோக்கியமாக இருந்தவர்களைக்கூடச் சும்மா விடாதவர்.

“என்ன மொஷாய், இன்னிக்குக் கையையே சமைக்கறீங்களா?” என்று வங்காளியில் கேட்டார். மொஷாய் என்றால் ஐயா.

“சுட்டுடுச்சு தாதா. எங்க வீட்ல சுட்டா மாவு போடுவோம்,” என்றார் வைத்தீஸ்வரன், அதே வங்காளியில்.

“மாவா? டூத்பேஸ்ட் இல்ல போடணும்.”

“டூத்பேஸ்ட் பல்லுக்கு.”

“மாவு இட்லிக்கு.”

இரண்டு பழம்பெரும் நாகரிகங்கள் வாசற்படியில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. பிமலேந்து தாவின் மனைவி கேயா பௌதி, நம்மூர்க் கணக்கில் கேயா மன்னி, எட்டிப் பார்த்தாள். வைத்தீஸ்வரனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினாள். தண்ணீர் ஓட ஓட மாவு கரைந்து போயிற்று. உள்ளே கை சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை. “ரொம்ப நேரம் அப்படியே வச்சிருங்க தாதா. பாவம்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் ‘பாவம்’தான் வைத்தீஸ்வரனை என்னவோ செய்தது. சுட்டதைவிட அது அதிகமாக எரிந்தது.

ஏனென்றால் அவருடைய மனைவி மகேஸ்வரியின் முதலுதவியில் முதலில் வருவது உதவி இல்லை, திட்டு. எண்ணெய் தெறித்தாலும் சரி, ட்ராமிலிருந்து இறங்கும்போது கால் பிசகினாலும் சரி, முதலில் வாயைத் திறப்பாள், அப்புறம்தான் மருந்து டப்பாவை. ‘கண்ணு எங்க இருந்தது, பொடரிலயா’ என்று புறப்பட்டு, அவரை அவருடைய அம்மா வளர்த்த லட்சணம் வரை ஒரு சுற்றுப் போய்த் திரும்புவாள். அதற்குள் தண்ணீர் ஊற்றி, ஒற்றியெடுத்து, களிம்பு தடவி, உதட்டைக் குவித்து ஊதியும் முடித்திருப்பாள். திட்டு நின்ற இடத்தில் வலியும் நின்றிருக்கும். இரண்டில் எது மருந்து என்று பிரித்துப் பார்க்கும் தேவை அவருக்கு இத்தனை வருஷத்தில் ஏற்பட்டதே இல்லை.

இப்போது ஏற்பட்டுவிட்டது. மகேஸ்வரி புனேயில் இருந்தாள். மகள் ஹம்சினியின் பிரசவத்துக்காக, “மூணே மாசம்” என்று சொல்லிவிட்டுப் போனவள். பிறந்த பேத்தி இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள், ரிமோட்டைக் கமோடில் போடுகிறாள். மூன்று மாசம் மட்டும் இன்னும் முடியவில்லை.

வைத்தீஸ்வரன் பிறந்தது, படித்தது, மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்தது எல்லாமே இந்த லேக் மார்க்கெட்டைச் சுற்றித்தான். அப்பா ஒரு சணல் கம்பெனிக்கு டைப்பிஸ்டாக வந்து சூப்பரின்டெண்டாக முடிந்தவர். மகன் வங்கியில் சேர்ந்தார். சிலிகுரி, மால்டா, ஆசன்சோல் என்று எங்கே மாற்றல் வந்தாலும் மகேஸ்வரி இட்லித் தட்டைத் தலையணை உறைக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு கூடவே போனாள். குடும்பத்தின் பெரிய விஷயங்களை அவர் பார்த்துக்கொண்டார். மத்தியக் கிழக்கு நிலவரம், ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணியின் நடுக்களம், இவை போன்றவை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது போன்ற சில்லறை விவகாரங்களை அவளிடம் விட்டிருந்தார்.

ஆகவே அவள் கிளம்பியபோது, “நான் சமாளிச்சுப்பேன், ஒத்தைக் கையால சமாளிச்சுப்பேன்,” என்று ரயில் நகரும்வரை அறிவித்துக்கொண்டிருந்தார். அதற்கு ஹம்சினி போனில் சொன்ன பதில்தான் பிற்பாடு வினையாக வந்து நின்றது.

“தனியா இருக்கறது உன் இஷ்டம்ப்பா. ஆனா கிச்சன்ல சின்னதா ஏதாவது ஆச்சுன்னு என் காதுல விழுந்துதோ, ஃப்ளாட்டைப் பூட்டிட்டு உன்னை இங்க தூக்கிண்டு வந்துடுவேன்.”

மனைவி இருக்கும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். வைத்தீஸ்வரன் போன குளிர்காலத்தில் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். ஹம்சினியும் மாப்பிள்ளை ஜெய்ராமும் குழந்தையை நவீன முறைப்படி வளர்க்கிறார்கள். அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தக்கூடாது. ‘கூடாது’ என்றும் சொல்லக்கூடாது. குழந்தை சுவரில் கரியால் கோடு போட்டால், “இந்தச் சுவர் இப்ப என்ன நினைக்கும்னு யோசிப்போமா?” என்று ஜெய்ராம் முழங்காலிட்டுக் கேட்பார். ஒருநாள் வைத்தீஸ்வரன் புது சோபாவின் மேல் ஒரு டம்ளர் ரசத்தைக் கவிழ்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார். மகேஸ்வரி அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மென்று விழுங்கினாள்.

“பரவால்ல,” என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் வைத்தீஸ்வரன் தானே ஒரு துணியை எடுத்து வந்து சோபாவைத் துடைத்தார். ஊர் திரும்பும் ரயிலில் அப்பர் பெர்த்தில் படுத்துக்கொண்டு, தன் மனைவி எங்கே போனாள் என்று யோசித்துக்கொண்டே வந்தார். அவருக்கு வேண்டியது மகேஸ்வரி. அதுவும் லேக் மார்க்கெட் மூன்றாம் மாடியில், முழுக் குரலோடு இருந்த மகேஸ்வரி. கை சுட்ட சேதி புனேக்குப் போனால் பெட்டி கட்டப்படும். அப்புறம் ஆயுசுக்கும் ‘பரவால்ல’தான். சேதி போகக்கூடாது.

சிவப்பு வாடியது. மேல்தோல் உரிந்தது. அடியிலிருந்து பிஞ்சுக் கத்தரிக்காய் நிறத்தில் புதுத்தோல் எட்டிப் பார்த்தது. அதோடு அரிப்பும் வந்தது. அது சாதாரண அரிப்பில்லை. சுட்ட இடம் சும்மா இருக்கும். சும்மா இருக்கிறதே என்று நினைத்த மாத்திரத்தில் உள்ளே யாரோ கோலப்பொடியைத் தூவுவார்கள். சொறிந்தால் எரியும். சொறியாவிட்டால் உயிர் போகும். இதில் கொடுமை, சாயங்காலம் புனேயிலிருந்து வீடியோவில் மகேஸ்வரி வரும் நேரத்தில்தான் அது உச்சத்துக்குப் போகும். காரணம் தெய்வீகமானது அல்ல. கையை மறைப்பதற்காக அந்த நேரத்தில் மட்டும் அவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வார். கல்யாணங்களுக்கென்று வாங்கிய டெரிகாட்டன். வெளியே ஈரப்புழுக்கம்; உள்ளே புதுத்தோல்.

முதல் நாள் அவள் கேட்டாள்: “யாராத்துல கல்யாணம்?”

“பஜனை சமாஜத்துல மீட்டிங்.”

மறுநாளும் அதே சட்டை. அதற்கு மறுநாளும். பழைய மகேஸ்வரியாக இருந்தால், எந்த பஜனை, யார் பாடினார்கள், சுண்டலில் என்ன என்று மூன்றாவது கேள்வியில் அவரை மடக்கி உண்மையைக் கக்க வைத்திருப்பாள். இவள், “ஓ,” என்றாள். அப்புறம் குழந்தை எதையோ உருட்டியது. “சரி, வெச்சுடட்டுமா? டேக் கேர்,” என்றாள்.

டேக் கேர். இது வங்கியில் வாடிக்கையாளர்களுக்கு வைத்தீஸ்வரனே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. அவர்கள் சீக்கிரம் எழுந்து போவதற்காக.

அரிப்பு தாங்காமல் பாலிகஞ்சில் ஒரு தோல் டாக்டரிடம் போனார். மகள் வயதில் ஒரு பெண். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“முதல்ல தோசை மாவு போட்டேன் டாக்டர். புளிச்ச மாவு,” என்று வலியப்போய் ஒப்புக்கொண்டார். ஒரு நாலு வார்த்தையாவது விழும் என்று நம்பிக்கை.

“இட்ஸ் ஓகே, அங்கிள். நிறையப் பேர் இப்படிப் பண்றாங்க. இனிமே சுட்டா பச்சைத் தண்ணி மட்டும்,” என்றாள்.

இந்த ஊரில் திட்டுவதற்கு ஒருத்தர்கூட மிச்சமில்லையா என்று அவருக்குத் தோன்றியது. அவள் சாந்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள். புண் நன்றாக மூடிவிட்டது, பயமில்லை. புதுத்தோலுக்குத் தன்னைத்தானே ஈரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது, காய்ந்து போகும், அதனால்தான் அரிக்கிறது. வாசனை சேர்க்காத க்ரீமை ஒருநாளில் பலமுறை மெதுவாகத் தடவவேண்டும். அரிக்கும்போது சொறியாமல் ஈரத்துணியை வைத்து ஒற்றவேண்டும். வெந்நீர்க் குளியல் வேண்டாம். ரொம்பப் படுத்தினால் ஒரு மாத்திரை.

“வெயில் மட்டும் படவே கூடாது. பட்டா அந்த இடம் கறுத்துப்போய்த் தழும்பு மாசக்கணக்கா நிக்கும். வெளிய போகும்போது லூசா ஒரு பருத்தித் துணி போட்டு மூடிக்கோங்க. இது என்ன, டெரிகாட்டன்? இந்தப் புழுக்கத்துல? இதாலதான் இவ்வளவு அரிப்பு. வீட்ல கையைத் திறந்து விடுங்க.”

“அது கொஞ்சம் கஷ்டம் டாக்டர்.”

“ஏன்?”

“ஃபேமிலி மேட்டர்,” என்றார் வைத்தீஸ்வரன்.

க்ரீம் தடவினார். ஈரத்துணி ஒற்றினார். பகல் முழுவதும் கை சமர்த்தாக இருந்தது. சாயங்காலம் சட்டை ஏறியதும் பழைய கதை. படம் தெரியாமல் பேசலாம் என்றால், முகத்தைப் பார்க்காமல் எப்படி? அவள் முகத்தைப் பார்ப்பதற்குத்தானே அந்தச் சட்டையே.

அவர் கையை மேஜை விளிம்பில் தேய்ப்பதைப் பிமலேந்து தா பார்த்துவிட்டார். அன்றே மருந்துப் பெட்டியோடும் ஒரு செங்கல் கனப் புத்தகத்தோடும் வந்து உட்கார்ந்தார்.

“தோல் டாக்டர் தோலைப் பாப்பாங்க. நாங்க ஆளைப் பாப்போம். அரிப்பு எப்ப ஜாஸ்தி?”

“சாயங்காலம்.”

“அந்த நேரத்துல தனியா இருக்கப் பிடிக்குமா, துணை வேணும்னு தோணுமா?”

வைத்தீஸ்வரன் ஜன்னலைப் பார்த்தார். கீழே பூக்கடைக்காரன் ரஜனிகந்தா மாலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். மகேஸ்வரி அதை சம்பங்கி என்றுதான் சொல்லுவாள்.

“துணைன்னே எழுதிக்கோங்க,” என்றார்.

“கனவுல ஏதாவது வருதா?”

“இட்லிப் பானை வருது.”

பிமலேந்து தா அதையும் கவனத்தில் கொண்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முக்கியமான கேள்விக்கு வந்தார். “அடிபட்டா, உங்களுக்கு யாராவது ஆறுதல் சொன்னா நல்லா இருக்குமா? இல்ல, ஆறுதல் சொன்னா மோசமாகுமா? இது தெரிஞ்சாதான் மருந்து. ரெண்டு ஆளுக்கும் வேற வேற மருந்து.”

வைத்தீஸ்வரன் மனதார யோசித்தார். தன்னைப்பற்றி இப்படியொரு தகவல் தன்னிடமே இல்லை என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அதுவும் உப்பு டப்பா மாதிரிதான்.

“தெரியலையே தாதா. இதையெல்லாம் மகேஸ்வரியைத்தான் கேக்கணும்.”

பெருமூச்சாக வந்த வாக்கியம். பிமலேந்து தா அதை மருத்துவ உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம். வைத்தீஸ்வரன் பனியனோடு மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து, கையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, ஏறக்குறைய நிம்மதியாக இருந்தார். போன் அடித்தது. மகேஸ்வரி. இது அவள் அழைக்கும் நேரமே இல்லை. அலறியடித்துக்கொண்டு சட்டையை மாட்டினார். பொத்தான்கள் ஒரு வீடு தள்ளி விழுந்தன.

“சட்டையைக் கழட்டுங்கோ,” என்றாள்.

“என்ன மகேஸ், திடீர்னு?”

“கழட்டுங்கோன்னா. எதிராத்து தாதா போன் பண்ணி, உங்க புருஷனுக்கு ஆறுதல் சொன்னா அரிப்பு கூடுமா குறையுமான்னு என்னைக் கேக்கறார். என்ன அரிப்பு தாதான்னு நான் அவரைக் கேக்கறேன். பானை, மாவுன்னு எல்லாத்தையும் அவர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கறேன். என் ஆத்துக்காரருக்குக் கை வெந்தது லேக் மார்க்கெட்ல பூக்காரன் வரைக்கும் தெரியும், எனக்குத் தெரியாது.”

சட்டை கழன்றது. கை போனுக்கு முன்னால் நீண்டது. ‘பரவால்ல’ வரப்போகிறதா என்று வைத்தீஸ்வரன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“புளிச்ச மாவா?” என்றாள் மகேஸ்வரி.

குரல் தாழ்வாகத்தான் ஆரம்பித்தது. “வெந்த கையில புளிச்ச மாவா? அதோட விட்டுட்டேளே. ரெண்டு பச்சை மிளகா, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டிருக்க வேண்டியதுதானே. ஆவி மேலதான் வரும்னு உங்க பேங்க்ல ஒரு சர்க்குலர் கூடவா வரல? மூடியை அந்தப் பக்கம் சாய்க்கணும்னு நான் தினம் சாய்ச்சு சாய்ச்சுக் காட்டினேனே, அப்பல்லாம் கண்ணு பேப்பர்லயா இருந்தது? உங்கம்மா உங்களை வளர்த்தாளா, இல்ல தொட்டில வெச்சு ஆட்டினதோட நிறுத்திண்டுட்டாளா? அந்த எழவு டெரிகாட்டன் சட்டையை வேற அதுமேல…”

ஏறிக்கொண்டே போயிற்று. சிலிகுரியில் தொலைத்த குடை வந்தது. மால்டாவில் நாய் துரத்தியது வந்தது. வைத்தீஸ்வரன் பனியனோடு, கையை நீட்டியபடி, பிரசாதம் வாங்குகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. திரையின் ஓரத்தில் ஹம்சினி தோன்றினாள்.

“அம்மா, வாய்ஸ். ப்ளீஸ், வாய்ஸ். குழந்தை பாக்கறா.”

“பாக்கட்டும். தாத்தா மாதிரி வளரப்படாதுன்னு பாத்துக்கட்டும்.”

குழந்தை கைகொட்டிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் இப்படி ஒரு வேடிக்கையை அது பார்த்ததே இல்லை.

“அப்பா, நான் அன்னிக்கே சொன்னேன். பெட்டியைக் கட்டு. ஜெய்ராம் டிக்கெட் போட்டுடுவார்,” என்றாள் ஹம்சினி.

இதைத் தடுக்கத்தானே வைத்தீஸ்வரன் இத்தனை நாள் புழுக்கத்தில் வெந்தது.

“அவர் இங்க வந்து என்ன பண்ணுவார்?” என்றாள் மகேஸ்வரி, மகள் பக்கம் திரும்பி. “இங்க யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லமாட்டேள். தண்ணி ஊத்தாத செடியாட்டம் வாடிப்போயிடுவார். துர்கா பூஜைக்கு ஜெய்ராமோட அம்மா இங்க வராளோன்னோ? குழந்தையை அவ பாத்துப்பா. நான் போறேன். கல்கத்தா பக்கத்துல சாந்த்ராகாச்சி வரைக்கும் நேர வண்டி இருக்கு.”

“திரும்பி எப்போம்மா வருவே?”

“முதல்ல போறேன்.”

பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். “கையைக் கிட்டக் கொண்டாங்கோ. இன்னும் கிட்டக்க.” அவள் முகம் பெரிதாகி, கண் மறைந்து, மூக்கு மறைந்து, குவிந்த உதடு மட்டும் திரையில் நின்றது. ஊதினாள்.

போன் கம்பெனிக்காரர்கள் எவ்வளவோ முன்னேறியும், புனேயிலிருந்து கல்கத்தாவுக்குக் காற்றை அனுப்பும் வசதியை இன்னும் செய்துதரவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும் வைத்தீஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். முன்கையில் மயிர் சிலிர்த்தது.

“சொறிஞ்சேள்னா எனக்குத் தெரியும். வைங்கோ போனை,” என்றாள். டேக் கேர் சொல்லவில்லை.

அன்று முதல் முழுக்கைச் சட்டை பீரோவுக்குள் போயிற்று. சாயங்காலங்களில் கை திறந்திருந்தது. திட்டும் தினமும் தவறாமல் வந்தது. அரிப்பு ஒருவாரத்துக்குள் அடங்கிவிட்டது. பிமலேந்து தா கொடுத்த சர்க்கரை உருண்டைகளை அதற்கு முன்பே வைத்தீஸ்வரன் மென்று தீர்த்திருந்தபடியால், வெற்றி ஹோமியோபதியின் கணக்கில் எழுதப்பட்டது.

“அவ என்னதான் சொன்னா தாதா, அந்தக் கேள்விக்கு?” என்று வைத்தீஸ்வரன் ஒருநாள் கேட்டார்.

“ஆறுதல் சொன்னா அழுதுடுவார், திட்டினா தூங்கிடுவார்னாங்க. அப்படி ஒரு குணம் புஸ்தகத்துலயே இல்ல மொஷாய். நானா பாத்து ஒண்ணைக் குடுத்தேன்.”

ஆடி பிறந்து மழை வலுத்தபோது வைத்தீஸ்வரனுக்குப் புதிய கவலை ஒன்று வந்தது. தோல் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தது. கத்தரிக்காய் நிறம் ரோஜாவாகி, ரோஜா வெளுத்து, பக்கத்துத் தோலோடு கலந்துகொண்டிருந்தது. பூஜைக்கோ இன்னும் ஆவணி, புரட்டாசி என்று கிடந்தது. பிமலேந்து தாவின் கதவைத் தட்டினார்.

“தாதா, இந்தத் தழும்பு பூஜை வரைக்கும் தாங்குமா?”

“தழும்பு போகத்தான் எல்லாரும் மருந்து கேப்பாங்க.”

“இருக்கறதுக்கு ஏதாவது உண்டா?”

“எதுக்கு மொஷாய் இருக்கணும்?”

“அவ நேர்ல வந்து பாக்க வேண்டாமா?” என்றார் வைத்தீஸ்வரன். “போன்லயே பாதியைத் திட்டித் தீத்துட்டா. வர்றப்போ கை பளிச்சுன்னு இருந்தா என்னத்தைப் பேசுவா?”

பிமலேந்து தா புத்தகத்தைப் புரட்டினார், மூடினார். மருந்து இல்லை என்று அவர் வாழ்க்கையில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வீடு திரும்பிய வைத்தீஸ்வரனுக்குப் பாலிகஞ்ச் டாக்டர் வெயிலைப்பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. அதன் பிறகு, மழை விட்டு உச்சிவெயில் அடிக்கும் நேரமாகப் பார்த்து, அரைக்கைச் சட்டையில் ஒருவர் லேக் மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போய்வருவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். இடது கையில் குடை விரித்திருப்பார். தலை, தோள், பை, செருப்பு எல்லாம் நிழலில் பத்திரமாக இருக்கும். வலது முன்கை மட்டும், சுட்ட உள்பக்கம் மேலே பார்க்க, குடைக்கு வெளியே நீண்டிருக்கும்.